தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள்

“புது பேட்டரி, ரெண்டு லிட்டர் பெட்ரோல், தள்ள நாலு பேர். அந்தக் காலத்து இரும்பு, கிளம்பிடும்.” பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் காதில் யாராவது இதை ஓதிக்கொண்டே இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பல வருடம் ஷெட்டில் நின்ற என்ஜினைப் பாழாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

எம்.ஜி.ஏ.வையே எடுத்துக்கொள்வோம். 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இரண்டு சீட் கார். அதில் முதலில் வந்த 1489 சிசி என்ஜின், நம் அம்பாசடரில் ஓடிய பி.எம்.சி. பி-சீரிஸ் என்ஜினின் உடன்பிறப்பு. அம்பாசடர் என்ஜினைப் பிரித்து மாட்டிய பழைய மெக்கானிக்கைக் கேளுங்கள். தள்ளச் சொல்ல மாட்டார்.

வண்டி நிற்க நிற்க சிலிண்டர் சுவரிலிருந்த ஆயில் வடிந்துவிடும். ஈரம் ஏறித் துருப்பிடிக்கும், பிஸ்டன் ரிங் அந்தத் துருவோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது கியர் போட்டுத் தள்ளினால் சக்கரம் கிராங்கை வம்படியாகச் சுழற்றும். ரிங் உடையும், போரில் கோடு விழும். வால்வு இறுகியிருந்தால் புஷ்ராடு வளையும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் கனெக்டிங் ராடே வளையும். தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்பேனர் பிடித்துச் சுற்றும்போது எங்கே பிடிக்கிறது என்று மணிக்கட்டு சொல்லிவிடும். பின்னால் நின்று தள்ளுகிறவருக்கு எதுவும் தெரியாது.

முதலில் நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊற விடுங்கள். பிறகு ராக்கர் கவரைத் திறந்து, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்கை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். எட்டு வால்வும் இறங்கித் திரும்ப ஏறுகின்றனவா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இறுகினால் நிறுத்தி இன்னும் எண்ணெய் விடுங்கள். தங்குதடையின்றிச் சுற்றினால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக் போடாமலே செல்ஃப் அடியுங்கள். ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக், பெட்ரோல் எல்லாம். எம்.ஜி.ஏ.வில் பேட்டரியின் பிளஸ்தான் எர்த் என்பதைப் பார்க்காமல் ஜம்ப் கேபிளைத் தொடவே தொடாதீர்கள்.

பழைய பெட்ரோலோடு புதுசு கலந்தால் சரியாகிவிடுமா? ஆகாது. பிசினாகிப்போனது பிசின்தான். டேங்கை வடித்துவிட்டு, முதல் ஓட்டத்துக்குத் தனி கேனிலிருந்து பெட்ரோல் கொடுங்கள். எஸ்.யூ. கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டக்’கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் கழற்றித் துடையுங்கள்.

வாரம் ஒருமுறை ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்பதும் தப்பு. என்ஜின் முழுச் சூடு ஏறாவிட்டால் நீராவி ஆயிலிலும் சைலன்ஸரிலுமே தங்கிவிடும்.

டயரில் பட்டன் இருக்கிறதே என்பார்கள். பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். ஓரத்தில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2308 என்றால் 2008ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

பிரேக் பெடல் கெட்டியாக இருக்கிறதென்றும் நம்பாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், வீல் சிலிண்டர் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். இந்தக் காரில் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை.

இவற்றையெல்லாம் செய்கிறவர்கள்கூட பெட்ரோல் ஹோஸை மறந்துவிடுகிறார்கள். இதை யாரிடமும் சொல்லாமல் என்னால் விட முடியவில்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று நம் பங்குகளில் வருகிறது. இந்தக் கார்கள் தயாரான காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊதும், வெடிப்பு விடும். கார்புரேட்டருக்கு நேர் கீழேதான் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருக்கிறது. எத்தனால் தாங்கும் ஹோஸாகப் பார்த்து, டேங்க் முதல் கார்புரேட்டர் வரை ரப்பர் இருக்கும் இடமெல்லாம் மாற்றுங்கள். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது தீயணைப்பான் ஒருவர் கையில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல.