கூடிப் பின்னுவோம்: குஞ்சுப் பிள்ளைக்கு ஒரு தொப்பி, ஒரு சோடி மேஸ்



தை மாதக் குளிர் எப்படி இருக்கும் என்று நாம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போகிற உங்களுக்கே பல் அடிக்கும். அந்தக் குளிரில் லயத்துக் காம்பராவில் ஒரு பச்சைப் பிள்ளை கிடக்கிறது. அதற்கு நடுங்கக்கூடத் தெரியாது. நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பிறந்த பிள்ளையின் உடம்புக்கு அந்த வித்தை இன்னும் வரவில்லை. குறை எடையில் பிறந்த பிள்ளை என்றால் சூட்டைப் பிடித்து வைக்கிற கொழுப்பும் அதற்கு இல்லை. ஆகவே இந்த இதழில் பின்னல் பாடம் ஒன்றைத் தருகிறோம். தனியாக இருந்து செய்கிற பாடம் அல்ல. கூடியிருந்து செய்கிற பாடம்.

மண்டூரில் கண்டது

போன ஆவணியில் எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் பிடித்து மண்டூர் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போனோம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில் இருக்கிறது மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று அந்தப் பக்கத்தில் சொல்லுவார்கள். நாங்கள் குருமண்வெளித் துறையில் இறங்கி, 'பாதை' என்று அங்குள்ளவர்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தோம்.

கும்பிட்டு முடிந்து திரும்பும்போது, கரையில் ஒரு மர நிழலில் நாலைந்து ஆண்கள் வட்டமாக இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். கிழிந்த வலையைச் சரிசெய்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இப்போது புது வலை மெஷினில் பின்னி வருகிறது. கிழிந்ததைப் பொத்துவது மட்டும் இன்னும் கைவேலைதான். நம்ம பெண்கள் சிலர் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர் தலை நிமிர்ந்து, "என்ன புள்ள பாக்கிறீங்க, உங்கட ஊரில வலை இல்லையா?" என்று சிரித்தார்.

"எங்க ஊர்ல மீனே இல்லீங்க ஐயா, தேயிலைதான்" என்றார் நம்ம கொழுந்துக்காரி ஒருவர். "நாங்க குளிருக்குத் தொப்பி பின்னுறோம். ஆளுக்கு ஒரு பக்கமா இருந்து பின்னுறதால பாதியில நின்னு போகுது."

"வீட்டில தனிய இருந்தா இந்த வலையும் பொத்துப்படாது புள்ள. நாலு பேரோட இருந்தாத்தான் கை ஓடும்" என்றார் அவர்.

அந்தச் சொல் எங்களுக்குச் சுருக்கென்று பட்டது. காரணம் இருக்கிறது. அதற்கு முந்திய வருடம் நாங்கள் நூல் வாங்கி, விருப்பப்பட்ட பெண்களிடம் கொடுத்து, "வீட்டில் வைத்துப் பின்னிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பியிருந்தோம். பாதிக்கு மேல் திரும்பி வரவில்லை. சோம்பேறித்தனம் என்று நாங்கள் மனதுக்குள் நினைத்தோம். அது எங்கள் பிழை. மலையிலிருந்து வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பார்த்து முடித்த பெண்ணுக்கு, கண்ணி ஒன்று கழன்றால் யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. பையில் கட்டி மூலையில் வைத்துவிட்டார்.

முடிச்சும் கண்ணியும்

வலையையும் தொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் முடிச்சு உண்டு. ஒரு இடத்தில் அறுந்தால் அந்தக் கண் மட்டும் போகும். பக்கத்துக் கண் நிற்கும். பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி கோத்து நிற்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் தொப்பி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும், தலையைக் கவ்வும். கண்ணிகளுக்கு நடுவில் அடைபட்ட காற்றுத்தான் சூட்டைக் காக்கிறது.

அதே காரணத்தால், ஒரு கண்ணி கழன்றால் கீழே வரைக்கும் ஏணிப்படி மாதிரி அவிழ்ந்துகொண்டே போகும். பயப்பட வேண்டாம். கொக்கி ஊசியைக் கீழ்க் கண்ணிக்குள் விட்டு, ஏணியின் ஒவ்வொரு படியையும் அதன் வழியாக இழுத்து மேலே கொண்டு வந்தால் சரியாகிவிடும். இதைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. இல்லாவிட்டால் முழுவதையும் அவிழ்க்க வேண்டிவரும்.

கூடிப் பின்னுதல் என்றால் என்ன?

எல்லாரும் ஒரே பொருளை, ஒரே அளவில், ஒரே காலத்தில் பின்னுவது. இந்த வாரம் இவ்வளவு என்று பேசிவைத்து, பிந்தியவர் வந்து சேரும் வரை முந்தியவர் உதவி செய்வது. இது புதுசு அல்ல. முதலாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல், செஞ்சிலுவைச் சங்கம் படைவீரருக்குக் காலுறை, ஸ்வெட்டர், மப்ளர் பின்னித் தரும்படி மக்களைக் கேட்டது. பெண்களோடு ஆண்களும் பள்ளிக்கூடப் பையன்களும் பின்னினார்கள். ஈரக் காலோடு பதுங்குகுழியில் நின்றவர்களுக்குக் கால் அழுகும் வியாதி வந்ததால், காய்ந்த காலுறைக்கு அவ்வளவு தேவை இருந்தது.

2006இல் சேவ் த சில்ரன் நிறுவனம் அமெரிக்காவில் பச்சைப் பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னித் தாருங்கள் என்று கேட்டபோது லட்சக்கணக்கில் தொப்பிகள் வந்து குவிந்தன. பங்களாதேஷுக்கும் மலாவிக்கும் அவை போயின. முன்பின் தெரியாத பிள்ளைக்கு அவர்கள் பின்னினார்கள் என்றால், நாம் அடுத்த காம்பராப் பிள்ளைக்குப் பின்ன மாட்டோமா?

ஏன் தொப்பியும் மேஸும்?

பிறந்த பிள்ளையின் உடம்புத் தோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலையிலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே தலை திறந்து கிடந்தால் பிள்ளையின் சூடு அந்த வழியாகப் போகும்.

2,500 கிராமுக்குக் குறைந்து பிறந்தால் குறை எடை என்கிறோம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 'கங்காரு முறை' என்று ஒரு பராமரிப்பு உண்டு. 1978இல் கொலம்பியா நாட்டு பொகோட்டா நகரில், போதிய இன்குபேட்டர் பெட்டி இல்லாத ஆஸ்பத்திரியில் டொக்டர் எட்கார் ரேய் என்பவர் தொடங்கியது. பிள்ளையைத் தாயின் வெற்று நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து, மேலே துணியால் கட்டிவிடுவார்கள். தாயின் உடம்பே பெட்டி. அப்போது பிள்ளை போட்டிருப்பது மூன்றே சாமான்: நாப்கின், தொப்பி, மேஸ். 2022இல் உலக சுகாதார நிறுவனமும் குறை எடைப் பிள்ளைகளுக்குப் பிறந்த உடனேயே இந்த முறையைத் தொடங்கச் சொல்லியிருக்கிறது. தகப்பனும் இப்படி அணைக்கலாம்.

ஆகவே நாம் பின்னுகிற தொப்பி அலங்காரச் சாமான் அல்ல. ஆனால் மருந்தும் அல்ல. பிள்ளை பால் குடிக்காவிட்டால், உடம்பு சில்லிட்டால், மூச்சு வேகமானால், தொப்பியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேண்டிய சாமான்கள்

4 மில்லிமீட்டர் பின்னல் ஊசி ஒரு சோடி. நடுத்தரப் பருமனில் மெதுவான நூல், 50 கிராம் பந்து ஒன்று. தைக்க மொட்டை முனை ஊசி, அளக்க நாடா. கம்பளி நூல் நல்ல சூடு, விலை கூட. செயற்கை நூல் விலை குறைவு, துவைக்க லேசு. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும், அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டாம். எந்த நூலானாலும் கன்னத்தில் உரசிப் பாருங்கள். உங்களுக்குக் குத்தினால் பிள்ளைக்கும் குத்தும்.

ஐந்து வாரப் பாடம்

முதல் வாரம்: மாதிரித் துண்டு. 30 கண்ணி ஏற்றிக்கொள்ளுங்கள். நேர்ப் பின்னலுக்கு, வலது ஊசியைக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னுக்கு விட்டு, பின்னால் இருக்கும் நூலை நுனியில் சுற்றி, கண்ணி வழியாக இழுத்து, பழைய கண்ணியைக் கழற்றிவிட வேண்டும். எதிர்ப் பின்னலுக்கு நூலை முன்னுக்குக் கொண்டு வந்து, ஊசியைப் பின்னாலிருந்து முன்னுக்கு விட வேண்டும். தையல் வகுப்பில் படித்தவர்கள் இவற்றைப் பிளெய்ன், பேர்ல் என்பார்கள். ஒரு வரிசை நேர், ஒரு வரிசை எதிர் என்று 10 சென்டிமீட்டர் உயரம் பின்னி, நடுவில் அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டர் அகலத்தில் 22 கண்ணி இருக்க வேண்டும். 25 இருந்தால் கை இறுக்கம், ஊசியைப் பருமனாக்குங்கள். 19தான் இருந்தால் கை தளர்வு, மெல்லிய ஊசி எடுங்கள். இதைச் செய்ய அலுப்புப்படாதீர்கள். 19 கண்ணிக் கைக்குத் தொப்பி 35 சென்டிமீட்டர் சுற்று வந்து பிள்ளையின் கண்ணை மூடும்.

இரண்டாம் வாரம்: விளிம்பு. 66 கண்ணி ஏற்றுங்கள். ஒன்று நேர், ஒன்று எதிர் என்று மாறி மாறி 3 சென்டிமீட்டர். இந்த விளிம்புதான் தலையைக் கவ்வும்.

மூன்றாம் வாரம்: உடல். ஒரு வரிசை நேர், ஒரு வரிசை எதிர். அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் வரும்வரை.

நான்காம் வாரம்: உச்சி. நேர் வரிசையில் 9 கண்ணி பின்னி, அடுத்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள். இப்படி ஆறு தடவை, 60 மிஞ்சும். அடுத்த வரிசை குறைக்காமல் எதிர்ப் பின்னல். பிறகு 8 பின்னி 2 சேர்ப்பது, பிறகு 7, 6, 5 என்று ஒவ்வொரு நேர் வரிசையிலும் குறைத்து வந்தால் 36 மிஞ்சும். ஒரு எதிர் வரிசை பின்னி, அடுத்த வரிசை முழுவதும் இரண்டிரண்டாகச் சேருங்கள்: 18. ஒரு எதிர் வரிசை, மறுபடியும் இரண்டிரண்டாக: 9. நூலை ஒரு முழ நீளம் விட்டு வெட்டி, ஒன்பது கண்ணிக்குள்ளும் கோத்து இறுக்குங்கள்.

ஐந்தாம் வாரம்: பக்கத்தைத் தைத்து, நூல் முனைகளை உள்ளே ஒளித்து, துவைத்துக் காயவையுங்கள்.

கை பழகியவர்கள் மிஞ்சிய நூலில் மேஸ் பின்னலாம். குதிகால் இல்லாத குழாய் மேஸ் எல்லாவற்றிலும் லேசு. 32 கண்ணி ஏற்றி, இரண்டு நேர், இரண்டு எதிர் என்று 12 சென்டிமீட்டர். பிறகு வரிசை முழுவதும் இரண்டிரண்டாகச் சேர்த்து 16. ஒரு எதிர் வரிசை விட்டு, மறுபடியும் சேர்த்து 8. கோத்து இறுக்கித் தைத்தால் முடிந்தது.

கவனிக்க வேண்டியவை

தொப்பிக்கு நாடா வைக்க வேண்டாம், கழுத்தில் சுற்றும். குஞ்சமும் பொத்தானும் வேண்டாம். பிள்ளை வாயில் போடும். மேஸை மாட்டுமுன் உள்ளே திருப்பிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நூல் குஞ்சு விரலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்றுபோகும். காரணமில்லாமல் அழுகிற பிள்ளைக்கு முதலில் கால்விரலைப் பாருங்கள். பிள்ளை வளர்ந்து நல்ல எடை வந்த பிறகு, வெயில் நேரத்திலும் தூங்கும்போதும் தொப்பி தேவையில்லை; கூடுதல் சூடும் கெடுதிதான்.

இன்னொன்று. "பெரியவங்களுக்கும் மேஸ் பின்னினா அட்டை கடிக்காதே" என்று ஒருவர் கேட்டார். கடிக்கும். பின்னல் மேஸின் கண்ணி வழியாக அட்டை நுழைந்துவிடும். அதற்கு நெருக்கமாக நெய்த துணியில் தைத்த உறைதான் வேண்டும். பின்னல் மேஸ் இரவுக் குளிருக்கு. சிமெந்துத் தரையில் வழுக்கும், வயசானவர்கள் கவனம்.

நம்ம தோட்டத்தில் எப்படி?

மண்டூரிலிருந்து வந்த பிறகு நாங்கள் ஒழுங்கை மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம், பிள்ளைக்காம்பராத் திண்ணையில். நூலும் ஊசியும் அங்கேயே ஒரு பெட்டியில். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வராத வாரத்துக்குக் கணக்குக் கேட்பதில்லை. இது அரைப்பேர் போடுகிற வேலை அல்ல. கண் மங்கிய கிழவிமார் நூல் சுற்றுகிறார்கள். அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தகப்பன்மாரின் பொறுப்பு. இப்போது தொப்பிகள் முடிகின்றன.

எங்கள் விதி ஒன்றே ஒன்று. முதலில் முடிந்த தொப்பி, பின்னியவரின் சொந்தக்காரப் பிள்ளைக்கு அல்ல; தோட்டத்தில் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு. அது யார் வீட்டுப் பிள்ளையானாலும் சரி. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு லயத்துக்கு நடுவில் இப்படி ஒரு தொப்பி போனதை நாங்கள் கண்டோம். அதைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையின் பாட்டி வந்து நூல் சுற்ற உட்கார்ந்தார்.

தகப்பன்மாரே, பின்னல் பொம்பளை வேலை என்று சொல்லுமுன் அந்த வாவிக்கரை மர நிழலை நினைத்துப் பாருங்கள். அங்கே ஊசி பிடித்திருந்தது எல்லாம் ஆம்பிளைகள்.

இந்த மாதச் செய்கை: உங்கள் லயத்தில் இன்னும் மூன்று மாதத்துக்குள் பிறக்கப்போகிற பிள்ளைகள் எத்தனை என்று எண்ணுங்கள். அத்தனை தொப்பிக்கு எத்தனை பந்து நூல் வேண்டும், எத்தனை பேர் கூட வேண்டும் என்று எழுதி, உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். வருகிற ஞாயிறு திண்ணையில் சந்திப்போம்.