வெயில்தான் என்று படுத்துவிடாதீர்கள்!



பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த தம்பி ஒருவர் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாயில் எச்சில் ஒழுகியது. சட்டையெல்லாம் வேர்வை. "வெயில்லே நின்னது, டிரஸ்ஸர் ஐயா. ஒரு மாத்திரை குடுங்க, போயிடறேன்" என்றார். கண்ணைப் பார்த்தேன். கருமணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தது. இது வெயில் செய்கிற வேலை அல்ல. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார்.

அவர் உடம்புக்குள் என்ன நடந்தது?

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஓர் அணு இன்னோர் அணுவுக்குச் சேதி சொல்ல ஒரு ரசாயனத்தை அனுப்புகிறது. அந்த ரசாயனம் சாவி என்றால், அது பொருந்துவதற்கு மற்ற அணுவின் மேல் ஒரு பூட்டு இருக்கிறது. அதற்கு 'ஏற்பி' என்று பெயர்.

1921-ல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார். துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தில் இருந்த நீரை எடுத்து வேறொரு இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவாகியது! சேதி நீரில் இருந்தது. அந்த ரசாயனம்தான் அசிட்டைல்கொலின். 1936-ல் அவருக்கும் ஹென்றி டேல் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நீங்கள் வாளியைத் தூக்கும்போது நரம்பு நுனி இதே சாவியை விடுகிறது, தசை சுருங்குகிறது. எச்சில், வேர்வை சுரப்பதும் இதே சேதியால்தான். சேதி சொல்லி முடிந்ததும் ஒரு நொதி அந்தச் சாவியை உடைத்துவிடும். மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. சாவி குவிகிறது, சேதி நிற்பதில்லை. எச்சில், கண்ணீர், வேர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்; தசை துடிக்கும், பிறகு ஓய்ந்துபோகும். மூச்சுத் தசை ஓய்ந்தால் உயிர் போய்விடும்.

பெரிய ஆஸ்பத்திரியில் போடும் அட்ரோபின் ஊசி சுரப்பிகளில் உள்ள பூட்டை அடைத்துக்கொள்ளும். வீட்டு மாத்திரையால் இது ஆகாது.

"நான் மருந்தைக் குடிக்கலியே!" என்பீர்கள். தோல் வழியாகவும் அது உள்ளே போகும். ஆகவே:

1. பாதிக்கப்பட்டவரை அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள். நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு, அவர் உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.
2. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், இளநீர் எதுவும் கொடுக்காதீர்கள்.
3. 999-ஐ அழையுங்கள். மருந்து லேபிளையும் கொண்டு போங்கள்.

கையுறை, முகமூடிக்குக் கூச்சப்படாமல் கேளுங்கள். 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அவற்றுக்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது.

மருந்தடித்த அன்று எச்சில் ஊறினால், கண் மங்கினால், "வெயில்தான்" என்று லயத்தில் படுத்துவிடாதீர்கள். உடனே வாருங்கள்.