கரைப் பெயர்களைத் தேடிப் புறப்படும் பிள்ளைகளுக்கு

ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரை குமரிக் கடற்கரையின் ஊர்ப்பெயர்களையும் பாறைப்பெயர்களையும் தொகுக்க ஆசைப்படும் பிள்ளைகளே, இவற்றை மனதில் வையுங்கள்.

1. முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். ஊரார் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள்; பொருளைப் பிறகு தேடலாம். பெயர்ப்பலகையையும் வரைபடத்தையும் மட்டும் நம்பினால் தடம் மாறிவிடும். ஐரோப்பியர் வரைபடத்தில் குமரியே ‘கொமோரின்’ ஆகிவிட்டது.

2. பெயரின் கடைசிச் சொல்லைப் பிடியுங்கள். ‘துறை’ என்றால் வள்ளம் ஒதுங்கிய இடம். ‘முனை’ கடலுக்குள் நீண்ட நிலம். ‘பொழி’ ஆறோ காயலோ மணலை உடைத்துக் கடலில் விழும் வாய். ‘விளை’ தென்னையும் பனையும் நிற்கும் தோட்டநிலம். கோடிமுனை, பொழிக்கரை, பெரியவிளை என்ற பெயர்களைக் கேட்டதும் அந்த நிலம் கண்முன் வரவேண்டும்.

3. திசையறிந்து படியுங்கள். மேலமணக்குடி மேட்டில் இருப்பதால் அந்தப் பெயர் பெறவில்லை. பழையாறு கடலில் கலக்கும் காயலுக்கு மேற்கே இருப்பது மேலமணக்குடி, கிழக்கே இருப்பது கீழமணக்குடி.

4. ‘புத்தன்’ (புதிய) என்று கண்டால் பழையதைத் தேடுங்கள். இனயம்புத்தன்துறைக்குப் பக்கத்தில் இனயம் இருக்கிறது. மக்கள் எப்போது நகர்ந்தார்கள், கடலரிப்பாலா, குடி பெருகியதாலா என்று விசாரியுங்கள்.

5. பழைய பெயரை அழிக்காதீர்கள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறைக்கு ஸ்ரீபாதப் பாறை என்று பெயர். குமரி அம்மனின் பாதம் பதிந்த இடம் என்பது நம்பிக்கை. 1970இல் மண்டபம் எழுந்தபின் விவேகானந்தர் பாறை என்பதே நிலைத்துவிட்டது. இரண்டையும் எழுதுங்கள்.

6. கடலுக்கு அடியிலும் பெயர் உண்டு. மீன் கூடும் அடிப்பாறையைப் ‘பார்’ என்பார்கள். அதைக் கடலிலிருந்து கண்டுபிடிக்க, கரையிலுள்ள கோயில் கோபுரம் பின்னாலுள்ள மலையுச்சியோடு ஒரே நேராக வரவேண்டும். வேறொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்கள் அதேபோல் நேராக வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். ஜி.பி.எஸ். வந்தபின் அந்த இடங்கள் வெறும் எண்களாகி வருகின்றன. ஆகவே பெயரோடு அடையாளங்களையும் கேட்டு வாங்குங்கள்.

7. பெயர்க்கதையைக் கதையென்றே எழுதுங்கள். ராஜா வந்தார், முனிவர் நின்றார் என்று சொல்லாத ஊர் கிடையாது. கல்வெட்டு, பங்குக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேடு, நாகமையாவின் 1906ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் மானுவல் ஆகியவற்றோடு ஒத்துப் பார்த்த பிறகே வரலாறு என்று சொல்லுங்கள். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த இந்தக் கரை 1956 நவம்பர் 1இல்தான் சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தது. அதனால் மலையாள ஆவணங்களையும் வாசிக்கப் பழகுங்கள்.

8. சொன்னவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் குறியுங்கள். அவை இல்லாத குறிப்பு அடுத்து வருபவருக்குப் பயன்படாது.

பார்களின் பெயர் முழுக்கத் தெரிந்தவர்கள் வயதான கடலோடிகளே. நூலகத்துக்கு அடுத்த மாதம் போனாலும் குற்றமில்லை. அவர்களிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள்.