முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கேமராவுக்கு வேலை

மலையையும் வயலையும் மட்டும் படமெடுத்துக் குடும்பம் நடத்த முடியுமா? தமிழ்நாட்டில், தொடங்கிய கையோடு முடியாது. கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு, ஜவுளிக்கடை விளம்பரம் என்று ஏதாவது ஒன்று வாடகையையும் கேமரா தவணையையும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. கல்யாண ஆர்டர் வற்றிப்போகும் மாதங்கள் ஆடியும் மார்கழியும். நிலக்காட்சி எடுப்பவருக்கு ஆண்டிலேயே கொழுத்த மாதங்களும் அவையே. ஆடியில் தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைமேல் முட்டிக்கொண்டு நிற்கிறது. மார்கழியில் மூடுபனி இறங்குகிறது, டெல்டாவில் சம்பா கதிர் முற்றுகிறது. அந்த இரண்டு மாதங்களை முதலில் ஒதுக்கிவிட்டு மற்ற வேலைகளைத் திட்டமிடுங்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் வீட்டு விசேஷங்கள் ஆடியிலும் வரும். அவற்றை விடச் சொல்லவில்லை. தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, இடையில் பயணத்தைச் செருகிக்கொள்ளலாம்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் நான்கு பருவக் கணக்கை மறந்துவிடுங்கள். இலை பழுத்து உதிர்வதும் பனிக்கட்டி மூடுவதும் நம் ஊர்க் கதை அல்ல. நமக்கு இரண்டு மழை, ஒரு பனி, ஒரு கோடை. வெளிச்சக் கணக்கும் வேறு. அந்தப் புத்தகங்கள் சொல்லும் ‘பொன்னொளி நேரம்’ கோடையில் லண்டனில் வெகுநேரம் நீளும். தமிழ்நாடு ஏறத்தாழ 8 முதல் 13.5 டிகிரி அட்சரேகைக்குள் இருப்பதால் சூரியன் இங்கே செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்குகிறது. மெல்லிய வெயில் அரை மணிக்குள் முடிந்துவிடும். ஆகவே ட்ரைபாடை எங்கே நடுவது, எந்த லென்ஸ் போடுவது என்பதெல்லாம் முதல் நாள் மாலையே முடிவாகியிருக்க வேண்டும். விடிந்தபின் இடம் தேடுகிறவருக்கு வெளிச்சம் காத்திருக்காது. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் உச்சி வெயிலில் கம்பத்துக்கு நிழலே விழாது. அந்தக் காலத்தில் காலை ஒன்பதுக்குப் பையை மூடிவிட்டு டிபன் சாப்பிடப் போகலாம்.

ஆடி: மழைக்கு எதிரே நில்லுங்கள்

மழைக்குள் நின்றால் மழையைப் படமெடுக்க முடியாது. சாம்பல் திரைதான் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழையில் தமிழ்நாட்டுப் பக்கம் மழை மறைவுப் பகுதி. அது நமக்குக் கிடைத்த வரம். தென்காசி, கம்பம் பள்ளத்தாக்கு, பொள்ளாச்சி வட்டாரங்களில் வெயிலில் நின்றுகொண்டே மலைமேல் பெய்யும் மழையைப் பார்க்கலாம். மலை மேற்கே இருக்கிறது, காலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். முகடு, மேகம், அடிவாரத்துத் தென்னந்தோப்பு எல்லாவற்றின் மேலும் வெளிச்சம் நேராக விழும். மாலையில் சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும், வெறும் கருநிழல்தான். ஆக, இந்த வட்டாரத்தில் சம்பளம் காலையில்தான்.

வானவில்லும் காலையில்தான். சூரியன் அடிவானத்திலிருந்து 42 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், மழை எதிரே பெய்ய வேண்டும். காலை எட்டு மணிக்குச் செங்கோட்டைப் பக்கம் சாரல் அடித்தால் இரண்டும் பொருந்திவிடும். போலரைசர் ஃபில்டரை ஒரு பக்கம் திருப்பினால் வானவில் பளிச்சென்று ஏறும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் படத்திலிருந்து சுத்தமாக மறைந்துவிடும். பதற்றத்தில் எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று பார்க்க வேண்டும்.

தென்காசிக்கு அருகே சுந்தரபாண்டியபுரத்தில் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் சூரியகாந்தி பூக்கிறது. முற்றிய சூரியகாந்தி கிழக்குப் பார்த்தே நிற்கும். பிஞ்சு மொட்டுதான் சூரியனோடு திரும்பும். வயலுக்குக் கிழக்கே நின்று மேற்கே பார்த்தால் பூவின் முகம், அதற்குப் பின்னால் மலை, மேலே மேகம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும். எதிர்ப்பக்கம் நின்றால் பச்சை முதுகுகள்தான். வரப்பிலேயே நில்லுங்கள், வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். செல்ஃபி எடுக்க உள்ளே இறங்கிச் செடியை மிதித்துவிட்டுப் போனவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வெறுத்துப் போயிருக்கும். உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் முதலில் பார்ப்பார். அடுத்த முறை போகும்போது அந்த வயலின் படத்தை ஒரு பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த வயல் எப்போது பூக்கும் என்று அவரே போன் செய்து சொல்வார்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இது காற்றுக் காலம். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கால்களை அகட்டி வையுங்கள், பையை நடுவில் தொங்கவிடுங்கள். காற்றாலை இறக்கை சுழல்வது தெரிய ஷட்டர் 1/15 விநாடியாவது வேண்டும். அதைவிட வேகமாக வைத்தால் பழுதாகி நின்ற காற்றாலை மாதிரிதான் இருக்கும். காற்றாலை நிறுவனங்களின் ஆண்டறிக்கைக்கு அப்படிப்பட்ட படத்தை யார் வாங்குவார்கள்?

ஐப்பசி, கார்த்திகை: கருவிக்கும் வயிற்றுக்கும்

வடகிழக்குப் பருவமழையில் முகூர்த்தமும் வரும், புயலும் வரும். முகூர்த்தத்துக்குப் போங்கள், புயலுக்குப் போகாதீர்கள். மழை விட்ட மறுநாள் காலை மட்டும் தயாராக இருங்கள்: தூசியெல்லாம் கழுவிவிடப்பட்டு, பல மைலுக்கு அப்பால் இருக்கும் மலையும் கோடு போட்டதுபோல் தெரியும். டெல்டாவில் சம்பா நடவு முடிந்த புதிதில் வயல் முழுக்க வானம் தெரியும். பயிர் தூர் கட்டி நீரை மூடிவிட்டால் அந்தக் காட்சி போயிற்று. மிஞ்சினால் மூன்று வாரம்.

இந்த மாதங்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் டிரை கேபினெட் வாங்கிவிடுங்கள். புது லென்ஸுக்கு முன்னால் அதுதான். பணம் இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல்லை அவ்வப்போது மாற்ற மறக்காமல் இருந்தால். ஏசி அறையிலிருந்து கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்த்துவிடும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே, மூடிய பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

மார்கழி, தை

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் பனி மூட்டம், முற்றிய கதிர், வைக்கோல் போர். பனிமூட்டத்தைக் கேமராவின் மீட்டர் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஊட்டியில் உறைபனி வேண்டுமானால் தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிக்குச் சூரியன் வருவதற்குள் போய்ச் சேர வேண்டும். வெயில் பட்டால் உருகிவிடும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் உபரி பேட்டரியைச் சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

கன்னியாகுமரியை எல்லாரும் சூரிய உதயத்துக்கு நினைப்பார்கள். சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் படமெடுக்கவும் இதுவே காலம். கோடையில் அது நிலத்துப் பக்கம் போய் மறையும். ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் உதய இடம் ஏறத்தாழ 47 டிகிரி நகர்கிறது. போன வருடம் ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்து அதே இடத்தில் நிற்பது வீண் வேலை, அவர் எந்தத் தேதியில் எடுத்தார் என்று தெரியாவிட்டால். சூரியனின் திசையைக் காட்டும் செயலி ஒன்று போனில் இருக்கட்டும். அமாவாசை, பௌர்ணமிக்கு வீட்டுத் தினசரிக் காலண்டரே போதும்.

கோடை: உப்பளமும் அனுமதியும்

தூத்துக்குடி உப்பளம் கோடையின் ஊதியம். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். பாத்தியில் நீர் அசையாமல் இருக்கும் அந்த நேரத்தில் வானம் முழுக்க உள்ளே விழும். காற்று கிளம்பினால் கலைந்துவிடும். உப்பு முற்றும் பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். கடும் உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் தரும் நிறம் அது. கம்ப்யூட்டரில் ஏற்றியதாக வாங்குபவர் சந்தேகப்படுவார், ரா ஃபைலை வைத்திருங்கள். வெள்ளைக் குவியலுக்கும் எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். உப்பு வாரும் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரியும் படம் விளம்பரத்துக்குப் போவதானால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அதற்குக் கூலியும் கொடுங்கள். அவர் நிற்கும் வெயிலில் நாம் ஒரு மணி நேரம் நிற்க மாட்டோம்.

காட்டுக்குள் போக இது காலமல்ல. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் இறந்ததற்குப் பிறகு வனத்துறை இதில் விளையாடுவதில்லை. எந்தப் பருவமானாலும் சரணாலயத்துக்குள் படமெடுக்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டும். ‘தெரிந்த கார்டு ஒருவர் இருக்கிறார்’ என்பது அனுமதி ஆகாது. ட்ரோனுக்கும் அப்படியே. 2021 விதிகளின்படி பதிவு எண் வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட்டால் ஓட்டுபவருக்குச் சான்றிதழும் வேண்டும். ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை தள வரைபடத்தில் பச்சை நிறப் பகுதியில் 400 அடிவரை தடையில்லை. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எழுப்பினால் கேமராவோடு நீங்களும் காவல் நிலையத்தில்.

எடுப்பது ஒரு காலம், விற்பது ஒரு காலம்

புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். குற்றாலத்தில் சீசன் களைகட்டியபின் அருவிப் படத்தோடு லாட்ஜ்காரரிடம் போனால், அவர் அறை கொடுப்பதில் மும்முரமாக இருப்பார். அவருக்குப் படம் தேவைப்பட்டது சித்திரையில். ஊட்டி ரிசார்ட்டுக்கு மே மாதப் பூக்களின் படம் பிப்ரவரியில் வேண்டும். அதாவது போன மே மாதம் எடுத்தது.

சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது வழக்கம். படத் தேர்வு அதற்கு முன்பே முடிந்திருக்கும். எனவே இந்த ஆடியில் நீங்கள் எடுக்கும் சாரல், அடுத்த ஆடியில்தான் ஆல்பத்தில் ஏறும். சுவரில் தொங்குவது அதற்கும் அடுத்து வரும் சனவரியில். கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். சாமி படங்களுக்குப் பிறகுதான் நம் மலைக்கும் அருவிக்கும் இடம் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பங்குனிக்குள் போய்ப் பாருங்கள். உயரவாக்கில் எடுத்ததையும் கொண்டுபோங்கள். தேதித் தாள் ஒட்டுவதற்குக் கீழே இடம் விட்ட படம்தான் அவர்களுக்கு உதவும்.

ஸ்டாக் தளங்களை நம்பி வேலையை விடாதீர்கள். அடோபி ஸ்டாக் படத்துக்கு 33 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக்கில் 15 சதவீதத்தில் தொடங்கி விற்க விற்க ஏறும், ஆனால் ஒவ்வொரு சனவரி 1 அன்றும் மறுபடி அடியிலிருந்து. டீச்செலவுக்கு ஆகும். அதைவிடப் படத்தோடு எழுத்தையும் சேர்த்துக் கொடுக்கப் பழகினால் மதிப்பு கூடும். மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்தார்; 1950 முதல் 1996-இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடர்ந்து எழுதினார். படம் மட்டும் எடுத்திருந்தால் அத்தனை காலம் ஒரு பத்திரிகையில் இடம் பிடித்திருப்பாரா என்பது சந்தேகம். குறைந்தபட்சம் ஒவ்வொரு படத்துக்கும் ஊர், தேதி, பயிர், காற்றின் திசை என்று நான்கு வரி எழுதி வையுங்கள்.

சம்பளத்துக்கு நிலக்காட்சி எடுக்கும் வேலை பற்றிக் கனவு காண்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1856-இல் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில், வெயில் தாழ்ந்த பருவத்தில் கிளம்பி, தஞ்சாவூர், மதுரை என்று அபாரமான படங்கள் எடுத்தார். செலவு அதிகம் என்று 1860-இல் அந்தப் பதவியையே மூடிவிட்டார்கள்.

ஆகவே பில்லை ஒழுங்காகப் போடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுடையது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து ‘என் ரிசார்ட்டை எடுத்துக் கொடு’ என்று சொல்லி எடுத்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, 17-வது பிரிவு அதை அவருக்கே கொடுத்துவிடுகிறது. உரிமை உங்களிடமே இருக்க வேண்டும் என்றால் அட்வான்ஸ் வாங்கும் முன்பே ஒரு தாளில் அதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உரிமையை மாற்றித் தரும்போதும் எழுத்தில்தான். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் 19-வது பிரிவின்படி 5 ஆண்டு, எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள். ‘காலண்டருக்கு மட்டும், ஓராண்டு, இந்தியாவுக்குள்’ என்று பில்லிலேயே ஒரு வரி போதும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். அந்தக் கவலை வரும் நாளில் கவலைப்படலாம். அடுத்த வருடமும் அதே அருவியைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று அச்சகக்காரர் போனில் கேட்டால், தாராளமாக என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே இன்னொரு பில்லை அனுப்புங்கள்.