மாட்டின் விலையை யார் சொல்வது?

கேள்வி: அமெரிக்காவில் மாட்டிறைச்சி நல்ல விலைக்குப் போகிறதே, மாடு வளர்ப்போர் அரசிடம் இன்னும் என்னதான் கேட்கிறார்கள்?

பதில்: கொழுக்கவைத்த மாடுகளில் ஏறக்குறைய 85 சதவீதத்தை வாங்கி வெட்டுபவை நான்கே நிறுவனங்கள். எடைக்கு வந்த மாட்டை மேலும் சில வாரம் கட்டிவைத்தால் தீவனச் செலவு ஏறும், கொழுப்பு மிஞ்சும், விலை இறங்கும். வாங்குபவருக்கு இது தெரியும். அதனால்தான் பேர விவரங்கள் வெளிப்படையாக வேண்டும் என்கிறார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் அதற்குப் புதிதாகக் கட்டாயச் சட்டம் வேண்டுமா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

தீவனத்திலும் அவர்களுக்கு ஒரு கோபம் உண்டு: மக்காச்சோளத்தில் கணிசமான பங்கு எத்தனால் எரிபொருள் ஆலைக்குப் போகிறது. அங்கிருந்து வரும் சக்கை மாட்டுக்கே தீவனமாவதால் அந்தக் கோபம் ஓரளவு தணிந்திருக்கிறது.

லேபிள் விவகாரம்தான் மனதை உறுத்துகிறது. இறைச்சி எந்த நாட்டுடையது என்று கட்டாயமாக அச்சிடும் சட்டத்தை உலக வர்த்தக அமைப்பில் கனடாவும் மெக்சிகோவும் எதிர்த்து வென்றன. 2015-இல் மாட்டிறைச்சிக்கு அது ரத்தானது. பிறகு, வெளிநாட்டு இறைச்சியை உள்ளூரில் துண்டுபோட்டாலே ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என ஒட்ட முடிந்தது. அங்கேயே பிறந்து, வளர்ந்து, வெட்டப்பட்டதற்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற விதி 2024-இல் வந்தது. 2026 ஜனவரி முதல் அமல். ஆனால் லேபிள் ஒட்டுவதே விருப்பம்தான். ஒட்டாத பொட்டலம் எந்த ஊர் மாடு என்று வாங்குபவருக்கு இப்போதும் தெரியாது.