காஞ்சியில் அரண்மனை எங்கே?

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் பஸ் போவதைத் தினமும் பார்த்திருப்பீங்க. பட்டுப்புடவை, இட்லி, கோயில் என்பதைத் தாண்டி அந்த ஊரைப் பற்றி நாம யோசிக்கிறதில்லை. ஆனா ஆவடியும் அம்பத்தூரும் பூந்தமல்லியும் 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும் வரைக்கும் காஞ்சிபுரத்தில் இருந்த கலெக்டர் ஆபீசுக்குக் கீழேதான் இருந்தன. உங்க அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்க. பல்லவர் தொடங்கி வைத்த பழக்கம் அவ்வளவு லேசில் விடவில்லை!

சரி, தலைநகர்னா அரண்மனை இருக்கணுமே? காஞ்சியில் இன்னைக்கு நின்று பார்க்கப் பல்லவர் அரண்மனை ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்து மாளிகைகள் பெரும்பாலும் செங்கல்லும் மரமும். கல்லில் கட்டியது சாமிக்கு மட்டும். அதனால் இந்த ஊரின் அரசியல் வரலாற்றைக் கோயில் சுவரிலும் தூணிலும்தான் படிக்கணும்.

4ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தன் தெற்கே படையெடுத்து வந்தபோது தோற்றவர்கள் பட்டியலில் காஞ்சியின் விஷ்ணுகோபன் பெயர் அலகாபாத் தூணில் இருக்கு. 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சாளுக்கியர் வந்தாங்க. பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்தான் இரண்டாம் புலிகேசி என்கிறது ஐஹொளெ கல்வெட்டு. பக்கத்துப் புள்ளலூரில் மகேந்திரவர்மன் எதிரிகளை முறியடித்தான் என்கிறது பல்லவர் செப்பேடு. ரெண்டு பக்கமும் 'நாங்கதான் ஜெயிச்சோம்' என்று எழுதி வைத்திருக்காங்க. ஆக, கல்வெட்டும் ஒருவகையில் ஸ்டேட்டஸ்தான். யார் போட்டது என்று பார்த்துட்டுத்தான் நம்பணும். மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மன் 642-ல் வாதாபியைப் பிடித்துக் கணக்கைத் தீர்த்தான்.

சுமார் நூறு வருஷம் கழித்து, சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பதிலுக்குக் காஞ்சிக்குள் நுழைஞ்சான். ஊரைக் கொளுத்தியிருக்கலாம். செய்யலை. ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்குப் போய், அதன் செல்வத்தைப் பார்த்துட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். கோயில் முன்மண்டபத் தூண் ஒன்றில் அதைக் கன்னடத்தில் வெட்டியும் வைத்தான். எதிரியின் ஊரில், எதிரியின் கோயிலில், தன் மொழியில்! இது முழுக்கப் பெருந்தன்மை என்று நான் நினைக்கலை. ஊர் மக்களிடம் பேர் வாங்குற வழியும் கூடத்தான். அதோடு முடியலை. அவன் அரசி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் கட்டிய விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கைலாசநாதரின் சாயல் அப்படியே தெரியும். ஊரைப் பிடித்தவர்கள் ஊரின் டிசைனை எடுத்துட்டுப் போயிருக்காங்க.

பிறகு ஆட்சி மாறிக்கிட்டே இருந்தது. 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆதித்த சோழன் பல்லவர் கதையை முடித்தான். 949-ல் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் சோழரை வென்ற ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்று பட்டம் போட்டுக்கிட்டான். சோழர் மீண்டு வந்தாங்க. ராஜராஜனின் அப்பா சுந்தர சோழன் காஞ்சியின் பொன்மாளிகையில்தான் இறந்தான். அந்தப் பொன்மாளிகையும் இப்போ பெயராக மட்டும் மிஞ்சியிருக்கு. பாண்டியர், காகதீயர், சம்புவராயர், விஜயநகரத்தார் என வரிசை நீளும். ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய ராஜகோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது.

நம்மை மாதிரி இன்ஜினியரிங் படிக்கிறவங்க கவனிக்க வேண்டியது 1780. மேலே சொன்ன அதே புள்ளலூர். காஞ்சியில் முகாமிட்டிருந்த மன்றோவின் படையோடு சேர வந்துகொண்டிருந்தார் கர்னல் பெய்லி. செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் அவரை மடக்கினாங்க. மைசூர்ப் படையின் ராக்கெட்டுகளுக்கு மூங்கிலோ காகிதமோ இல்லை, இரும்புக் குழாய்தான் உறை. இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும். அதனால் மருந்தை இறுக்கி அடைக்கலாம், தூரமும் கூடும். சண்டை நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லி சரணடைந்தார். சேதி கேட்ட மன்றோ, இழுத்துப் போக முடியாத பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு பக்கம் பின்வாங்கினார்.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ராமானுஜர் குருவாக மதித்த திருக்கச்சி நம்பி பூந்தமல்லிக்காரர். இங்கே நந்தவனம் வளர்த்துக் காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோனார் என்பது மரபு. பிறந்த ஊர் பூந்தமல்லி, பெயரில் இருப்பதோ கச்சி.

போறதா இருந்தா ரெண்டு கோயிலுக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்க. ஒண்ணு கைலாசநாதர்; அந்தக் கன்னடத் தூண் எதுன்னு கேட்டுப் பாருங்க. அங்கே சிற்பங்களைத் தொட வேண்டாம், மணற்கல், உதிரும். இன்னொண்ணு வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் சுற்றுச்சுவரில் பல்லவர் வரலாறே படக்கதை மாதிரி கட்டம் கட்டமா ஓடும். வாரிசு இல்லாமல் மன்னன் இறந்ததும் ஊர்ப் பெரியவங்க கிளைக்குடும்பத்து இரணியவர்மனிடம் போறாங்க. மூத்த மூணு பையன்களும் 'நான் மாட்டேன்' என்று ஒதுங்க, பன்னிரண்டு வயசுக் கடைக்குட்டி 'நான் போறேன்' என்கிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன், அந்தக் கோயிலைக் கட்டியவன். மதியம் நடை சாத்திடுவாங்க, காலையிலேயே கிளம்பிடுங்க.