அரசாங்கக் கொள்முதலும் பிள்ளைகளின் தட்டும்: பிரேசில் தேசத்து அனுபவம்

நம் சங்கத்து வியாபார அன்பர்களுக்குப் பிரேசில் தேசம் புதியதன்று. உறைகோழிப் பெட்டிகளின் மேல் ஹலால் முத்திரையுடன் அந்நாட்டின் பெயரை நாள்தோறும் பார்த்து வருகிறோம். சர்க்கரை விலையோ காப்பிக்கொட்டை விலையோ ஏறினால், அங்கே மழை பொய்த்ததா, உறைபனி விழுந்ததா என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். ஆனால் உலகத்துக்கெல்லாம் உணவுச் சரக்கு அனுப்பும் அந்தத் தேசம், தன் சொந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடும் சோற்றுக்கு எவ்விதம் சரக்கு வாங்குகிறது என்பதை நம்மில் பலர் விசாரித்திருக்க மாட்டோம். இந்தப் பாடம் அதைப் பற்றியது. இதில் வியாபாரிக்கு இனிப்பான சேதியும் உண்டு, கசப்பான சேதியும் உண்டு. கசப்பை மறைத்துவிட்டு எழுதுவது முறையாகாது.

முதலில் டெண்டர் என்னும் வழக்கத்தைச் சற்று யோசிப்போம். ஆஸ்பத்திரி, விடுதி, சிறைச்சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்குச் சரக்குக் கொடுப்பவர்கள் விலையை எழுதி உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்கிறார்கள். உறைகளைப் பிரித்தபின் யார் விலை குறைவோ அவருக்கே உத்தரவு. இவ்வழக்கம் கெட்ட எண்ணத்தில் பிறந்ததன்று. உத்தியோகஸ்தர் தமக்கு வேண்டியவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. ஆயினும் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அடிமட்ட விலை போட்டு எடுத்தவர் அந்தக் குறைவை எங்கே ஈடு கட்டுவார்? கப்பல் கூலியும் கிட்டங்கி வாடகையும் அவர் கையில் இல்லை. சரக்கில்தான் கை வைக்க வேண்டும். நொய் கலந்த அரிசி, போன வருஷத்துப் பருப்பு, காலாவதிக்குச் சில வாரமே மிச்சமுள்ள டின் பால் என்று அது முடியும். சாதாரண வாடிக்கையாளரென்றால் மறுநாளே கடை வாசலில் வந்து நின்று கேட்பார். நோயாளியும் பள்ளிப் பிள்ளையும் வந்து கேட்பதில்லை. உண்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். அரசாங்கக் கொள்முதலின் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கின்றன.

இனிப் பிரேசிலுக்கு வருவோம். அந்நாட்டு வைத்தியரான ஜொசுவே டி காஸ்ட்ரோ 1946-இல் தம் தேசத்துப் பசியைப் பிரதேசம் பிரதேசமாக ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். பசி என்பது இயற்கையின் சாபமன்று, மனிதர் செய்த ஏற்பாடுகளின் விளைவே என்பது அவர் கட்சி. 1955-இல் அரசாங்க ஆணையொன்றினால் பள்ளி உணவு இயக்கம் தொடங்கியது. ஆதியில் தட்டில் விழுந்தவற்றுள் பெரும்பகுதி பிறநாட்டார் தானமாகக் கொடுத்த பால்மாவு முதலியவை. தானம் குறைந்ததும், தொழிற்சாலைகளில் செய்த சூப்புத் தூளும் சத்துமாவுக் கலவையும் வந்தன. இவற்றைத் தலைநகரத்தில் மொத்தமாக வாங்கி, தேசமெங்கும் லாரியிலும் படகிலும் அனுப்பினார்கள். அந்நாட்டின் பரப்பு சுமார் 85 லட்சம் சதுர கிலோமீட்டர். சரக்குப் போய்ச் சேருவதற்குள் கெட்டது கொஞ்சம். போய்ச் சேர்ந்ததைப் பிள்ளைகள் தொடாமல் வைத்தது கொஞ்சம். அரிசியும் அவரை விதையும் மரவள்ளியும் உண்டு வளர்ந்த பிள்ளைக்குத் தூளைக் கரைத்துக் கொடுத்தால் எப்படி இறங்கும்? பள்ளிக்கூடத்தைச் சுற்றிலும் வாழையும் பூசணியும் விளைந்து வாங்குவாரின்றிக் கிடக்க, உள்ளே பொட்டலத் தூள் கொதித்துக்கொண்டிருந்தது.

1988-ஆம் வருஷத்து அரசியல் சாசனம் பள்ளி உணவை மாணவரின் உரிமையாக்கிற்று. 1994-இல் கொள்முதல் அதிகாரம் தலைநகரத்திலிருந்து மாகாணங்களுக்கும் நகரசபைகளுக்கும் மாற்றப்பட்டது. பணத்தை மத்திய அரசாங்கம் பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று அனுப்பும். வாங்குவதும் சமைப்பதும் உள்ளூரார் பொறுப்பு. 2003-இல் சிறு விவசாயிகளிடம் அரசாங்கமே நேரில் உணவு வாங்கும் திட்டமொன்றும் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் பின் 2009 ஜூன் 16-இல் 11,947 என்ற இலக்கமுள்ள சட்டம் பிறந்தது. மத்திய அரசாங்கம் பள்ளி உணவுக்குத் தரும் பணத்தில் நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாமல் குடும்ப விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்கவேண்டும் என்பது அதன் 14-ஆம் பிரிவு. சிறு நிலத்தில், பெரும்பாலும் தன் குடும்பத்தார் உழைப்பைக் கொண்டே பயிர் செய்பவர் குடும்ப விவசாயி என்று 2006-இலேயே வேறொரு சட்டம் வரையறுத்திருந்தது. சுமார் 4 கோடிப் பிள்ளைகள் உண்ணும் உணவு இது. அதில் 30 பங்கு என்றால் எவ்வளவு பெரிய வாடிக்கை என்பதை அன்பர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நேரடி என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். அந்தப் பங்கில் நம் போன்ற இடைநிலை வியாபாரிக்கு இடமில்லை. கசப்பான சேதி என்று சொன்னோமே, அது இதுதான்.

அந்தப் பங்கை வாங்கும் விதமே நாம் படிக்கவேண்டிய பகுதி. அங்கே உறை பிரிக்கும் டெண்டர் கிடையாது. அதற்குப் பதில் பொது அழைப்பு என்றொரு முறை வைத்தார்கள். நகரசபை தனக்கு என்னென்ன சரக்கு, எத்தனை கிலோ, எந்த மாதத்தில் வேண்டும் என்று பகிரங்கமாக அறிவிக்கும். விலையையும் அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடும். உள்ளூர்ச் சந்தையில் குறைந்தது மூன்று இடங்களில் விசாரித்து, சராசரி எடுத்து, வண்டிக்கூலி, கட்டுக்கூலி, வரி ஆகியவற்றையும் சேர்த்து அவ்விலை நிர்ணயமாகும். இரசாயன உரம் போடாத விளைச்சலுக்குத் தனியே சந்தை விலை தெரியாவிட்டால், சாதாரண விலைக்கு மேல் நூற்றுக்கு 30 வரை கூட்டிக் கொடுக்கலாம். ஆக, விற்பவர் எவரும் விலையைக் குறைத்து மற்றவரை வெல்ல முடியாது. அப்படியானால் போட்டி எதில்? அதே ஊரில் விளைவிப்பவருக்கு முதலிடம். பிறகு அந்த வட்டாரம், பிறகு மாகாணம், பிறகு தேசம். நிலச்சீர்திருத்தத்தில் குடியேறியவர்கள், பூர்வகுடிகள், அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பு மக்களின் வழிவந்த கிராமத்தார் ஆகியோருக்குத் தனிச் சலுகையும் உண்டு. ஒரே குடும்பம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாதபடி வருஷ வரம்பும் வைத்தார்கள். அது 2009-இல் 9,000 ரியாலாக இருந்து, 2012-இல் 20,000 ஆகி, பின்னர் 40,000 ஆயிற்று.

விலையைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டால், சரக்கைக் கெடுக்கும் அவசியம் போய்விடுகிறது. இது விவசாயிக்கு மட்டும் பொருந்தும் உண்மை என்று நமக்குத் தோன்றவில்லை.

உண்பவரின் வாயையும் அந்தச் சட்டம் திறந்துவிட்டது. உணவுப் பட்டியலை உத்தியோகஸ்தர் இஷ்டம்போல் எழுத முடியாது. சத்துணவு படித்தவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் பள்ளி உணவுச் சபை ஒன்று உண்டு. அதில் பெற்றோர், ஆசிரியர், பொதுச் சங்கத்தார் அமர்ந்து கிடங்கையும் கணக்கையும் பார்வையிடுவார்கள். சபை அமைக்காத, கணக்குக் காட்டாத நகரசபைக்குப் பணத்தை நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. சாயமிட்ட சோடாவும் மிட்டாயும் இப்பணத்தில் வாங்கக் கூடாது. ஆலையில் பதப்படுத்திய உணவுகளுக்குச் செலவிடும் பங்கு 2025-இல் நூற்றுக்கு 15 என்றும், 2026 முதல் 10 என்றும் குறைக்கப்பட்டது.

இத்தனையும் கேட்டு, அங்கே எல்லாம் நெய்யாக ஓடுகிறது என்று எண்ண வேண்டாம். சட்டம் வந்து பல வருஷங்கள் ஆகியும் 30 பங்கை எட்டாத நகரசபைகள் அநேகம். சிறு விவசாயியிடம் முறையான பில் இராது, குளிரறை இராது, லாரியும் இராது. ஐம்பது பள்ளிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் பத்துக் கிலோ கீரை, காலை ஏழு மணிக்குள் என்றால் அவர் என்ன செய்வார்? பில் கொடுக்க இயலாமை, தொடர்ந்து சப்ளை செய்ய இயலாமை, சுகாதாரக் குறை என்று மூன்று விலக்குகளை 2009 சட்டமே கொடுத்திருந்தது. சோம்பேறி உத்தியோகஸ்தருக்கு அவை வசதியான சாக்குகளாகவும் ஆயின.

பெரிய நகரங்களின் பாடு வேறு. சாவோ பாவ்லோ நகரத்தைச் சுற்றி அத்தனை பிள்ளைகளுக்கு வேண்டிய அரிசி விளையாது. ஆகவே தென்கோடியிலுள்ள ரியோ கிராண்டி டோ சூல் மாகாணத்தில், நிலச்சீர்திருத்தக் குடியிருப்புகளின் கூட்டுறவுகளிடம் அரிசி வாங்கினார்கள். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த இதை உள்ளூர்ச் சரக்கு என்று எவரும் சொல்ல மாட்டார். ஆயினும் விளைவித்தவர் யார் என்பது தெரிந்த சரக்கு.

அந்தக் கூட்டுறவுகள் செய்யும் வேலையை உற்றுப் பாருங்கள். பல வீட்டு நெல்லை ஓரிடத்தில் சேர்க்கிறார்கள், அரைத்துச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள், மூட்டை கட்டி லாரி பேசுகிறார்கள், பில் எழுதுகிறார்கள், அரசாங்கப் பணம் வரும்வரை பொறுத்திருக்கிறார்கள். இதற்கு நம் பாஷையில் வியாபாரம் என்றுதான் பெயர். வியாபாரியை விலக்கிய சட்டத்தால் வியாபாரத்தை விலக்க முடியவில்லை. இலாபம் மட்டும் விளைவித்தவர் கைக்கே திரும்பிப் போகிறது. இது நியாயமா, அநியாயமா என்று நம்மவர்க்குள் இரண்டு கட்சி இருக்கலாம். விளைவித்தவனுக்கும் உண்பவனுக்கும் நடுவே ஐந்து கை நின்ற காலத்தில், அந்த ஐந்தில் சில ஒன்றும் செய்யாமலே கமிஷன் வாங்கியதுண்டு என்பதை மட்டும் நாம் ஒப்புக்கொள்வோம்.

மிச்சமுள்ள பங்கு வழக்கம்போல் வியாபாரிகளுக்குத் திறந்தே இருந்தது. ஆனால் அதுவும் சுருங்கி வருகிறது. 2025 செப்டம்பர் 30-இல் வந்த சட்டம், குடும்ப விவசாயிகளின் பங்கை 2026 ஜனவரி முதல் நூற்றுக்கு 45 ஆக உயர்த்திற்று. அதே சட்டத்தில் மற்றொரு விதியும் உண்டு. பள்ளிக்கு இறக்கும் உணவுப் பொருளுக்கு, செய்த தேதிக்கும் காலாவதித் தேதிக்கும் நடுவேயுள்ள காலத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கவேண்டும். அதாவது பன்னிரண்டு மாதம் தாங்கும் டின் என்றால், இறக்கும் அன்று ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் இருக்கவேண்டும். கடையில் தேங்கியதைத் தள்ளிவிட அரசாங்க உத்தரவு நல்ல வாய்க்கால் என்று எண்ணிய சப்ளைக்காரர் எந்தத் தேசத்திலும் உண்டு. அந்த வாய்க்காலைத்தான் அடைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் விளைநிலம் சொற்பம். 45 பங்கு உள்ளூர் விவசாயியிடம் வாங்கு என்று இங்கே எவரும் சட்டம் போட முடியாது. உணவில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் பாலத்தின் மேலும்தான் வருகிறது. ஆனால் விலையை முன்கூட்டி நிர்ணயித்துத் தரத்தில் போட்டி வைப்பதற்கும், ஆயுள் பாதிக்கு மேல் இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதற்கும், உண்பவரைக் கிடங்குக்கு அழைத்துக் காட்டுவதற்கும் விளைநிலம் தேவையில்லை. விடுதிக்கோ பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ சரக்குக் கொடுக்கும் நம் அங்கத்தினர்கள் அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது, மூட்டை எங்கே விளைந்தது, எந்த மாதம் அரைத்தது, எத்தனை நாள் தாங்கும் என்ற மூன்றையும் கேட்கப்படுவதற்கு முன்னரே தாமாக எழுதிக் கொடுத்துப் பார்க்கலாம்.